ஒதிய மரத்து நிலவு: ஓர் அந்துப்பூச்சியை முட்டையிலிருந்து வளர்த்த கதை

செப்டம்பர் முதல் வாரம். மழை விட்ட ஓர் இரவில் திண்ணை விளக்கை அணைக்கப் போனேன். சுவரில் வெளிர்பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கொடியில் காயப்போட்ட கைக்குட்டை காற்றில் வந்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் கையை நீட்டினேன். அது மெல்ல அசைந்தது. மறுநாள் அளவுகோல் வைத்துப் பார்த்தபோது இறக்கையின் விரிப்பு 13 செ.மீ. இருந்தது. பின்னிறக்கைகள் இரண்டும் கீழே நீண்டு, சற்றே முறுக்கிய வால்களாகத் தொங்கின; வலது வால் மட்டும் பாதிதான். நான்கு இறக்கைகளிலும் ஒவ்வொரு பிறை போன்ற கண். உடல் வெண்பஞ்சு. கால்கள் மட்டும் நாவல்பழச் சாறு பட்டதுபோல் சிவந்திருந்தன.

இதுதான் நிலவு அந்துப்பூச்சி. அறிவியல் பெயர் ஆக்டியஸ் செலினி. செலினி என்றால் கிரேக்கர்களின் நிலாத் தெய்வம். டசர் பட்டு தரும் பூச்சியும் இதுவும் சாட்டர்னிடே என்னும் ஒரே குடும்பம். இந்தியாவில் பரவலாக வாழும் பூச்சிதான்; ஆனால் கண்ணில் படுவது அரிது. இரவில் மட்டும் பறக்கும். வளர்ந்த பூச்சிக்கு உண்பதற்கு வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு வாரம் வாழும், இணை சேரும், முட்டையிடும், முடிந்துவிடும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் 40 ஆண்டுகளாக வாழும் நான் அதற்கு முன் இரண்டே முறைதான் பார்த்திருந்தேன். இரண்டும் சாலை விளக்கின் அடியில் செத்துக் கிடந்தவை.

எங்கள் வீட்டுத் தொழில் பட்டுப்புழு வளர்ப்பு. அம்மா 20 ஆண்டுகளாக மல்பெரி இலை போட்டுப் புழு வளர்க்கிறார். நானும் கூடவே இருக்கிறேன். ஆனால் அந்த 20 ஆண்டுகளில் எங்கள் புழுக்களில் ஒன்றுகூடப் பூச்சியாகி வெளியே வந்ததை நாங்கள் பார்த்ததில்லை. முட்டை, வித்தகம் என்னும் முட்டை உற்பத்தி நிலையத்திலிருந்து வரும். கூடு பட்டுக்கூடு அங்காடிக்குப் போகும். பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் நூல் அறுந்துவிடும், கூட்டுக்கு விலை இல்லை. கூடு வரைக்கும்தான் எங்கள் அறிவு. இந்த முறை எனக்குக் கூடு வேண்டாம், பூச்சி வேண்டும். அந்த வித்தியாசத்தை நான் முழுதாக உணர இரண்டரை மாதங்கள் பிடித்தன; அதற்கான விலையைப் புழுக்கள் கொடுத்தன. அதனால்தான் தவறுகளையும் விடாமல் எழுதுகிறேன்.

அன்று வந்தது பெண் பூச்சி. வயிறு பருத்திருந்தது, உணர்கொம்பு மெலிந்திருந்தது. ஆண் பூச்சியின் உணர்கொம்பு தென்னங்கீற்றை இருபுறமும் விரித்ததுபோல் அகலமாக இருக்கும். காலையில் பார்த்தபோது சுவரிலேயே 14 முட்டைகள் இட்டிருந்தது. மளிகைக் கடைப் பழுப்புக் காகிதப் பை ஒன்றை எடுத்து, பூச்சியை மெதுவாக உள்ளே ஏறவிட்டு, வாயை மடித்துத் துணி மாட்டும் கிளிப் போட்டு இருட்டறையில் வைத்தேன். காகிதம் சொரசொரப்பாக இருப்பதால் பிடித்துக்கொள்ளும், இறக்கை கிழியாது. மறுநாள் அந்தியில் பையைத் திறந்து ஒதிய மரத்தில் விட்டுவிட்டேன். பையின் உட்புறம் 37 முட்டைகள் இருந்தன. சுவரில் இருந்த 14-ஐ நான்காம் நாளே எறும்பு கொண்டுபோய்விட்டது.

காட்டிலிருந்து நான் எதையும் எடுக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் பூச்சியோ முட்டையோ எடுக்கக் கூடாது. என்னிடம் இருந்ததெல்லாம் வீட்டுச் சுவருக்குத் தானாக வந்த தாய் இட்ட முட்டை.

முட்டை ஒவ்வொன்றும் 2 மி.மீ. இருக்கும், வெண்மையில் கறுப்புப் புள்ளிகள், அடியில் பழுப்புப் பசை. சுரண்டினால் ஓடு உடையும். எனவே காகிதத்தையே சிறு துண்டுகளாக வெட்டி ஒரு டப்பாவில் போட்டேன். 11-ஆம் நாள் காலை 34 பொரிந்தன. சிறிய சிவப்புப் புழு, நடுவில் இடுப்புப் பட்டை கட்டியதுபோல் ஒரு கறுப்பு வளையம். பிறந்ததும் தன் முட்டையோட்டையே கொஞ்சம் கடித்துத் தின்றது.

இதன் உணவு மரங்களில் ஒன்று ஒதி. எங்கள் பக்கம் வேலிக்கு நடுவது அதுதான். கிளையை வெட்டி ஊன்றினால் போதும், தளிர்த்துவிடும். வேலியில் கைக்கு எட்டிய இலையைப் பறித்து வந்து, சாக்கிப் புழுவுக்கு (இளம் பட்டுப்புழுவுக்கு) நறுக்கிப்போடுவதுபோல் நறுக்கிப் போட்டேன். தின்னவில்லை. டப்பாவின் ஓரத்தில் சுற்றிச்சுற்றி நடந்துகொண்டே இருந்தன. மறுநாளும் அப்படியே, 6 புழுக்கள் நடந்தே செத்துப்போயின. மல்பெரிப் புழு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதனிடம் வாழ்ந்து, தட்டில் எது விழுந்தாலும் அங்கேயே தின்னப் பழகியது. இது மரத்தில் பிறந்தது. இலை காம்போடும் கிளையோடும் இருந்தால்தான் அதற்கு இலை. வேலியின் உச்சியில் இருந்த இளங்கொழுந்தைக் காம்புடன் ஒடித்து வந்து நிற்க வைத்த அரை மணி நேரத்தில் ஏறித் தின்னத் தொடங்கின. முருங்கையும் இதற்கு உணவு என்று படித்திருந்ததால் ஒரு கொத்து வைத்துப் பார்த்தேன். ஒதியைக் கடித்துப் பழகிவிட்ட புழு முருங்கையைத் தொடவில்லை.

அடுத்த தவறும் சாக்கி அறையிலிருந்தே வந்தது. இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி வெப்பமும் 85 முதல் 90 சதவீத ஈரப்பதமும் வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதற்காகத் தட்டில் பாரஃபின் காகிதம் போட்டு மூடுவோம். அதே நினைப்பில் இவற்றையும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தேன். இரண்டாம் பருவத்தில் (முதல் தோலுரிப்புக்குப் பிறகு) ஒரு காலை மூடியின் உட்புறம் முழுவதும் நீர் முத்துகள் கோத்திருந்தன. 5 புழுக்கள் பின்கால்களால் கிளையைப் பிடித்தபடி தலைகீழாகத் தொங்கின. தொட்டால் தோலுக்குள் கறுப்பு நீர். பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "காற்று."

அன்றே கூண்டு செய்தேன். மூங்கில் சப்பையில் இரண்டடிக்கு இரண்டடி, உயரம் மூன்றடி. நான்கு பக்கமும் மேலும், ஊசி ஈ (புழுவின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஈ) வராமல் இருக்க, புழு வளர்க்கும் மனையின் கதவில் அடிக்கும் நைலான் வலை. அடியில் செய்தித்தாள். கூண்டை மேசைமேல் வைத்து, மேசையின் நான்கு கால்களுக்கும், எறும்பு ஏறாமல் இருக்க நீர் நிரப்பிய கிண்ணம். அந்த அறையில் கொசுவர்த்தி, கொசு விரட்டும் திரவம், சாம்பிராணி எதுவும் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்தேன். இவை புழுவுக்கும் ஆகாது.

கிளையைத் தண்ணீர் பாட்டிலில் செருகி நிறுத்தினேன். பாட்டில் வாயை அடைக்க மறந்த முதல் நாளே ஒரு புழு காம்பு வழியாகவே இறங்கி நீரில் மூழ்கிவிட்டது. பிறகு வாயில் துணி திணித்தேன். ஒதிக்கு இன்னொரு குணம் உண்டு: வெட்டுவாயில் பிசின் கசிந்து அடைத்துக்கொள்ளும், நீர் ஏறாது. தினமும் காலையில் அரை விரல் அளவு நுனியைச் சாய்வாக வெட்டிவிட்டால் கிளை இரண்டு நாள் வாடாமல் நிற்கிறது.

கூண்டுக்கு மாற்றிய அன்று இன்னும் மூன்றை இழந்தேன். தோலுரிக்கப் போகும் புழு கிளையில் ஒரு மெல்லிய பட்டுத் திட்டு நெய்து, பின்கால் கொக்கிகளை அதில் மாட்டிக்கொண்டு ஒரு நாளுக்கு மேல் அசையாமல் இருக்கிறது. பழைய தோல் அந்தத் திட்டில் மாட்டி நின்றால்தான் உடல் முன்னால் நழுவி வெளியே வர முடியும். அசையாமல் இருந்த மூன்றை நோயுற்றவை என்று எண்ணி விரலால் எடுத்துவைத்தேன். பிடி விட்டுப்போன அவற்றால் தோலைக் கழற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு எந்தப் புழுவையும் கையால் எடுக்கவில்லை. பழைய கிளையைப் புதிய கிளைமேல் சாய்த்து வைத்தேன், அவையே மாறிக்கொண்டன.

மூன்றாம் பருவத்தில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. ஐந்தாம் பருவத்தில் ஒவ்வொன்றும் என் நடுவிரலைவிட நீளம். ஆப்பிள் பச்சை உடலில் ஒவ்வொரு வளையத்திலும் மஞ்சள் கலந்த செம்மையில் சிறு குமிழ்கள், அவற்றில் நாலைந்து முடிகள். வெயில் பக்கம் வைத்துப் பார்த்தால் உள்ளே ஒளி ஊடுருவும். அது தின்னும் முறையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முன்கால் ஆறால் இலை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலையை மேலே கொண்டுபோய் மேலிருந்து கீழாக ஒரே வீச்சில் செதுக்கிக்கொண்டு வரும், மறுபடி மேலே. பத்து நிமிடத்தில் ஒரு சிற்றிலை, நடுநரம்போடு காலி. இரவில் அறை அமைதியாக இருந்தால் ஓலைக்கூரையில் தூறல் விழும் சத்தம். புழுக்கை மிளகளவு, நீளவாக்கில் வரி வரியாகப் பள்ளம். 19 புழுக்களுக்குக் கடைசி வாரம் நாளைக்கு இரண்டு முறை கிளை மாற்றினேன்.

இந்த இலைத் தேவையால்தான் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பாவிடம் பேச்சு வந்தது. எங்கள் இரு தோட்டங்களுக்கும் நடுவே இருப்பது அவர் அப்பா காலத்தில் ஊன்றிய ஒதி வேலி, 23 மரங்கள். அதை வெட்டிவிட்டுக் கம்பிவலை அடிக்க ஆள் சொல்லியிருந்தார். "பெரியப்பா, இந்தப் பூச்சிக்கு இந்த இலைதான் சோறு. இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் சிரித்தார். "ஒதி பெருத்தால் உத்தரத்துக்கு ஆகுமா தம்பி? விறகுக்குக்கூட நன்றாக எரியாது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்யச் சொல்கிறாய்?" நியாயமான கேள்வி. புழுவைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "உன் பட்டுப்புழுவைவிடப் பெரியதாக இருக்கிறதே. சரி, கார்த்திகை வரைக்கும் கை வைக்கவில்லை" என்றார்.

அக்டோபர் 18-இல் முதல் புழு தின்பதை நிறுத்தியது. உடல் சற்றுச் சுருங்கி நிறம் மங்கியது. வயிற்றிலிருந்த ஈரத்தை எல்லாம் கழித்துவிட்டு, கூண்டைச் சுற்றி அலைந்தது. பட்டுப்புழு பழுத்தால், அதாவது கூடு கட்டத் தயாரானால், சந்திரிகையில் எடுத்துவிடுவோம். அது மூங்கில் பட்டையைச் சுருள் சுருளாகப் பின்னிய தட்டு, புழு அந்த இடுக்கில் கூடு கட்டும். சந்திரிகை என்றால் நிலவொளி. நிலவு அந்துப்பூச்சிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்று ஆசையாகக் கூண்டுக்குள் சாய்த்து வைத்தேன். ஒன்றுகூட அதில் தங்கவில்லை. அவற்றுக்கு வேண்டியது இலை. இரண்டு மூன்று இலைகளை நூலால் இழுத்துச் சேர்த்து, அந்தப் பொதிக்குள் மறைந்துகொண்டுதான் நெய்தன. இலை நிறைந்த கிளையை அப்படியே விட்டேன். 22-ஆம் தேதிக்குள் 19 கூடுகள். மல்பெரிக் கூடுபோல் வெண்மையும் வழவழப்பும் இல்லை. பழுப்பு நிறம், மெல்லிய தோல்போல் இலையோடு ஒட்டியிருக்கும். சருகுக்குள் போட்டால் தேடி எடுக்க முடியாது.

ஒரு வாரத்தில் மூன்று கூடுகளில் பொட்டு வைத்ததுபோல் துளை. கீழே செய்தித்தாளில் சிவந்த பழுப்பில் சிறு உருளைகள். ஈயின் கூட்டுப்புழுக்கள். கிளை மாற்றக் கூண்டைத் திறந்தபோது ஈ உள்ளே வந்து முட்டை வைத்திருக்க வேண்டும். இரண்டு புழுக்களின் பக்கவாட்டில் கறுப்புத் தழும்பு பார்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பட்டுப்புழுவில் அதே தழும்பைக் கண்டால் நொடியில் சொல்லியிருப்பேன்.

மீதி 16 கூடுகளை ஊசிநூலில் கோத்துக் கூண்டின் மேல்சட்டத்தில் தொங்கவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில் நீர் தெளித்தேன். இங்கேதான் என்னால் மறக்க முடியாத தவறு நடந்தது. வலையில் ஓர் ஓரம் கிழிந்து பல்லி நுழைவதைப் பார்த்தேன். அன்றிரவு மட்டும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று இரண்டு கூடுகளைப் பெரிய கண்ணாடிச் சீசாவில் போட்டு வாயில் வலை கட்டினேன். நவம்பர் 14, காலை 9 மணிக்குப் பார்த்தபோது சீசாவின் அடியில் ஒரு பூச்சி. வெளியே வந்து, ஏற முயன்று, கண்ணாடியில் கால் பிடிக்காமல் வழுக்கி வழுக்கி விழுந்திருக்கிறது. உடனே கைக்குட்டையில் ஏற்றித் தொங்கவிட்டேன். ஆனால் இறக்கைகள் அதற்குள் மடிந்தபடியே இறுகிவிட்டன. இடது வால் உடலோடு ஒட்டியிருந்தது. அழகான பச்சை, அப்படியே கசக்கிய காகிதம்போல். அது ஒரு பெண். ஒதிக்கிளையில் வைத்தேன், ஆறு நாட்கள் உயிரோடு இருந்தது.

பட்டு வளர்ப்பவன் கண்ணுக்குக் கூட்டோடு வேலை முடிந்தது. இதற்கோ கூட்டிலிருந்து வெளிவந்த முதல் அரைமணி நேரம்தான் எல்லாம். ஏறிப் பிடிக்கச் சொரசொரப்பும், பிடித்தபின் இறக்கை தடையின்றித் தொங்க ஒரு சாண் இடமும் இல்லையென்றால் இரண்டரை மாத உழைப்பும் அந்த உயிரும் வீண். அன்றே கூண்டின் உட்பக்கம் நான்கிலும் கோணிச்சாக்கைத் தைத்தேன். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் அந்தக் கோணிச்சாக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 16-ஆம் தேதி காலை. கூட்டுக்குள் சரசரவென்று உரசும் சத்தம் கேட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கூட்டின் ஒரு முனை நனைந்து கறுத்தது. நூல்கள் விலகி, முதலில் வெண்பஞ்சு நெற்றி, பிறகு சிவந்த கால்கள். இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது இறக்கை இருந்த இடத்தில் நான்கு ஈரமான மடிப்புகள், ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நகமளவு. கோணியைப் பற்றி வேகமாக ஏறியது, ஒரு முடிச்சில் நின்று முதுகைக் கீழே தொங்கவிட்டது. வயிறு விட்டு விட்டு அழுந்த அழுந்த இறக்கைக்குள் நீர் ஏறியது. அடிப்புறம் முதலில் விரிந்தது. மடிப்புகளுக்குள் இருந்த பிறைக்கண் மெல்லத் திறந்தது. முன்னிறக்கை விளிம்பில் அரக்குநிறக் கரை, பட்டுப்புடவைக் கரைபோல் நேராக வந்தது. வால்கள் கடைசி. முறுக்கிய திரிபோல் இருந்தவை நீண்டு நீண்டு, நுனியில் மட்டும் ஒரு சுழிப்போடு நின்றன. 25 நிமிடம் ஆனது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். "நம் கூட்டுக்குள்ளும் இப்படி ஒன்று இருந்திருக்குமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அந்த வாலைப் பற்றி ஒரு வார்த்தை. 2015-இல் அமெரிக்காவில், இதன் நெருங்கிய உறவான லூனா அந்துப்பூச்சியை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. இருட்டில் ஒலி அனுப்பி இரை தேடும் வௌவால்களோடு பறக்கவிட்டுப் படமெடுத்துப் பார்த்தார்கள். தாக்குதல்களில் பாதிக்கு மேல் வாலின் மேல்தான் விழுந்தன. பறக்கும்போது சுழலும் வால், உடலிலிருந்து வௌவாலின் செவியைத் திசைதிருப்புகிறது. வால் கிழிந்தாலும் பூச்சி பிழைத்துக்கொள்ளும். திண்ணைக்கு முதலில் வந்த தாய்க்கு வலது வால் பாதிதான் இருந்தது. அதை வயதின் தேய்மானம் என்று நினைத்திருந்தேன்.

24-ஆம் தேதிக்குள் மொத்தம் 12 வெளிவந்தன. அந்த ஊனமுற்றதையும் சேர்த்து 7 பெண், 5 ஆண். அன்று காலை வெளிவந்த ஒரு பெண்ணை மட்டும் ஓர் இரவு கூண்டில் வைத்து, கூண்டைத் திண்ணைக்குக் கொண்டுவந்தேன். திண்ணை விளக்கு, மாட்டுக் கொட்டகை விளக்கு, மனை விளக்கு எல்லாவற்றையும் அணைத்தேன். பெரியப்பாவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

10 மணிக்கு மேல் அந்தப் பெண் வயிற்று நுனியை நீட்டிச் சிறு சுரப்பியை வெளித்தள்ளியது. நமக்கு எந்த வாசமும் தெரியவில்லை. ஆண் அதை வெகு தொலைவிலிருந்து அந்த அகன்ற உணர்கொம்பால் பிடிக்கும் என்று பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 12 அடித்தது. அவர் தூங்கிவிட்டார். 12.40 இருக்கும், ஒதி வேலிப் பக்கத்திலிருந்து வெளிறிய ஒன்று, கிளைகளுக்கு நடுவே மேலும் கீழுமாக அலைந்துகொண்டே வந்தது. கூண்டைத் தாண்டிப் போய், திரும்பி, காற்றுக்கு எதிராக ஏறி வந்து வலையில் மோதியது. பெரியப்பாவை எழுப்பினேன். ஐந்து நிமிடத்தில் இரண்டாவது ஆண். வால்கள் பின்னால் சுழல, கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தன. இறக்கை அடிக்கும் காற்று முகத்தில் பட்டது. கூண்டின் கதவைத் திறந்தேன். ஒன்று உள்ளே போனது. மற்றது சிறிது நேரம் கூரை வாரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வேலிப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

"இவை எல்லாம் எங்கிருந்து வந்தன?" என்று கேட்டார் பெரியப்பா.

"உங்கள் வேலியிலிருந்துதான் இருக்கும்."

வெகுநேரம் பேசாமல் இருந்தார். இணை மறுநாள் அந்தி வரை பிரியவில்லை. பிரிந்ததும் பெண்ணை ஒதியில் விட்டேன். மற்றவற்றை ஏற்கெனவே அன்றன்றைக்கு இருட்டியதும் விட்டுவிட்டிருந்தேன்.

கம்பிவலை ஆட்கள் தை மாதம் வந்தார்கள். சாலைப் பக்கம் இருந்த 9 மரங்கள் போயின. எங்கள் கிணற்றிலிருந்து ஓடை வரை உள்ள 14-ஐப் பெரியப்பா விட்டுவைத்தார். வெட்டிய மரங்களிலிருந்து தொடை கனத்தில் ஆறு போத்துகளைக் கேட்டு வாங்கி, வெட்டுவாயில் சாணம் பூசி, மனைக்குப் பின்னால் ஊன்றியிருக்கிறேன். திண்ணை விளக்கை மங்கலான மஞ்சளுக்கு மாற்றியாயிற்று; 9 மணிக்கு மேல் அணைத்துவிடுகிறோம்.

16 கூடுகளில் 4 இன்னும் திறக்கவில்லை. செத்துவிட்டன என்று முதலில் நினைத்தேன். செத்த கூடு எடை குறைந்து, ஆட்டினால் உலர்ந்த விதைபோல் கலகலக்கும். இவை கனமாக இருக்கின்றன. ஒதி இலை உதிர்த்து நிற்கும் கோடையில் வெளியே வந்தால் முட்டையிட்டும் பயனில்லை. கூட்டுக்குள்ளேயே உறங்கிக் காலத்தைக் கடத்துவது இந்தக் குடும்பத்துப் பூச்சிகளுக்குத் தெரிந்த வழி. வாரம் ஒருமுறை தங்கம் நிறுக்கும் சிறு தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதிவைக்கிறேன். இன்று ஏப்ரல் 27. நான்கின் எடை 4.6, 4.9, 5.1, 4.4 கிராம், போன வாரத்துக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இல்லை. நீர் தெளித்து, கோணியைச் சரிபார்த்துவிட்டு வந்தேன். ஊன்றிய ஆறு போத்துகளில் இரண்டில் கணுவில் செம்பழுப்பாக மொட்டு கட்டியிருக்கிறது. வேலியில் இன்னும் ஓர் இலைகூட இல்லை.